மாத்திரை கேட்டோம், பெயிண்ட் வந்தது

இங்கே சுவருக்குப் பெயிண்ட் அடிக்கும் முன் அதிலிருக்கும் அறிவிப்புகளைக் கழற்றி வைத்து, முடித்ததும் அதே ஆணியில் மாட்ட வேண்டும். ஊரில் போஸ்டர் மேலேயே அடித்துவிட்டுப் போவோம். பர்மிங்ஹாமில் மனைவிக்கு நர்ஸ் வேலை கிடைத்தது. அவள் பின்னால் வந்த பெயிண்டர் நான். போன வாரம் ஒரு கிளினிக்கின் நடைவழியில் வேலை. கழற்றிய போஸ்டரில் ஒருவன் சைக்கிள் ஓட்டிக்கொண்டு சிரிக்கிறான். பத்து வருடமாக எச்.ஐ.வி.யாம், மாத்திரை சாப்பிடுகிறானாம். நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றதும் மேஸ்திரி கெவின் கிட்டே வந்து, வெட்கப்பட ஒன்றுமில்லை, இரண்டாவது கதவில் இலவசமாக ரத்தம் பார்ப்பார்கள் என்று மெதுவாகச் சொன்னான். எனக்கு இல்லை என்றேன். அவன் நம்பவில்லை. தோளைத் தட்டிவிட்டுப் போனான்.

தொண்ணூறுகளில் கடப்பாக்கத்திலிருந்து மாமல்லபுரம் வரை கடலோரச் சாலைச் சுவர்களில் மண்டை ஓடு வரைவதுதான் என் பிழைப்பு. பக்கத்தில் 'எய்ட்ஸ் வந்தால் மரணம்' என்று எழுதுவேன். வெளிநாட்டுக் காசில் நடந்த திட்டம். எந்த நாட்டுக் காசு என்று அப்போது நான் கேட்கவில்லை. இந்த நாட்டுக் காசாகவும் இருக்கலாம். சுவர் கொடுத்தால் வீட்டின் முன்பக்கம் முழுக்க வெள்ளையடித்துத் தருவோம், அதற்காகவே கொடுப்பார்கள். கடப்பாக்கத்தில் மீன் வண்டி ஓட்டிய என் நண்பன் தேசிங்கும் அப்படித்தான் கொடுத்தான்.

இரண்டு வருடத்தில் அவனுக்கே வந்தது. செங்கல்பட்டில் ரத்தம் பார்த்துச் சொன்னது, அவன் பஸ் ஏறுமுன் ஊருக்குத் தெரிந்துவிட்டது. குழாயடியில் அவன் மனைவி கன்னியம்மாவின் குடத்தைத் தள்ளி வைத்தார்கள். அவள் என்னிடம் வந்தாள்.

"அண்ணே, அந்த மண்ட ஓட்ட அழிச்சுடு. எங்க வூட்டுக்குப் போர்டு மாட்டுன மாதிரி கீது."

திட்ட அதிகாரியைக் கேட்டேன். வெளிநாட்டிலிருந்து பார்வையிட வருகிறார்கள், அதுவரை தொடக்கூடாது என்றார். வேலை போய்விடும் என்று நானும் தொடவில்லை. தேசிங்கு திட்டவில்லை. "உன் மண்ட ஓடு என்னவிட சதபுடிப்பா கீது மச்சான்," என்றான். பிறகு, "அவங்க ஊர்ல இதுக்கு மாத்திர கீதாமே. வந்தா ஒரு வார்த்த கேளு."

வந்த வெள்ளைக்கார அம்மாள் நல்லவள். தேசிங்கு வெட்டித் தந்த இளநீரைத் தயங்காமல் குடித்தாள். ஊரில் எவனும் தொட்டிருக்க மாட்டான். எனக்கு அப்போது இங்கிலீஷ் வராது. இவனுக்கு மாத்திரை அனுப்ப முடியுமா என்று தமிழில் கேட்டேன், அதிகாரி எடுத்துச் சொன்னார். அவள் சந்தோஷமாகத் தலையாட்டினாள். தேசிங்கு என் கையை இறுக்கிப் பிடித்தான்.

அடுத்த மாதம் வண்டி வந்தது. வண்டி நிறைய பெயிண்ட் டின். அதிகாரியிடம் சண்டைக்குப் போனேன். "மாத்திரைக்கெல்லாம் இந்தத் திட்டத்துல இடமில்லப்பா. கேட்டா இருக்கறதும் போயிடும். அதான் பெயிண்ட் பத்தலைன்னு சொன்னேன்," என்றார்.

மழைக்காலம் முடியுமுன் தேசிங்கு செத்தான். அந்தப் பெயிண்டை எடுத்துத்தான் மண்டை ஓட்டை அழித்தேன். இரண்டு பூச்சு அடித்தும் வெயிலில் கண்குழி தெரிந்தது. மூன்றாவதும் அடித்தேன். சில வருடம் கழித்து அரசாங்க ஆஸ்பத்திரிகளில் மாத்திரை இலவசமாகவே வந்தது. அதிலும் வெளிநாட்டுக் காசு உண்டு என்கிறார்கள். நல்லதுதான். அவனுக்கு வரவில்லை.

டீ குடிக்கும்போது கெவின் போஸ்டரைக் காட்டி, இந்த நோய்க்காக எங்கள் வரிப்பணம் உங்கள் நாடுகளுக்கெல்லாம் போகிறதே, இன்னுமா கொடுக்க வேண்டும் என்று கேட்டான். கொடுக்கத்தான் வேண்டும். மருந்தைக் கையில் வைத்துக்கொண்டு சாவு வரும் என்று அடுத்தவன் சுவரில் எழுதுவது உதவி இல்லை. என்ன வேண்டும் என்று பாயில் கிடக்கிறவனைக் கேட்க வேண்டும், நடுவில் நிற்கிறவனை அல்ல. இதையெல்லாம் சொல்ல என் இங்கிலீஷ் போதாது. இன்னும் கொடு, மாத்திரை கொடு, பெயிண்ட் வேண்டாம் என்று மட்டும் சொன்னேன். அவன் கீழே இருந்த டின்னைப் பார்த்து, இந்தப் பெயிண்டுக்கு என்ன குறை என்று கேட்டான்.

ஒரு பூச்சு போதும் என்று சொல்லிவிட்டுப் போனான். அடியில் ஒன்றுமே இல்லாத அந்தச் சுவருக்கு நான் மூன்று பூச்சு அடித்தேன். காய்ந்ததும் சிரிக்கிறவனை அதே ஆணியில் மாட்டினேன்.