முன்னுக்கு வெளி இருக்கு

செய்தி வந்தபோது, பாரிசில், ரூ காய் தெருவில் நான் வேலை செய்யும் புடைவைக் கடையில் ஒரு பெண்ணுக்குக் கூறைச் சேலை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். அருள்தாசன் அண்ணையின் மகள் அழைத்தாள். என்னோடு எப்போதும் பிரெஞ்சில் கதைக்கிற பிள்ளை அன்று தமிழில் தொடங்கினாள். "அன்ரி, அப்பா எங்களை விட்டுப் போட்டார்." தமிழ்க் குரலைக் கேட்டதுமே எனக்கு விளங்கிவிட்டது. சேலை வாங்க வந்த பெண் இதைவிடக் கொஞ்சம் கடும் சிவப்பு இருக்கிறதா என்று கேட்டாள். எடுத்துக் கொடுத்தேன்.

அழுகைக்கு முன் எனக்கு வந்தது கோபம். எங்கள் வாதம் முடியவில்லை. அதற்கு முந்தின வியாழக்கிழமை ஆஸ்பத்திரியில் இருந்து போனில் என்னோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்தவர், "நர்ஸ் வாறா. மிச்சத்தை ஞாயிற்றுக்கிழமை கதைப்பம், வசந்தி" என்று வைத்தார். வாதத்தின் நடுவில் எழும்பிப் போகிற வழக்கம் அவருக்கு ஒருநாளும் இருந்ததில்லை.

முப்பத்தோராம் நாள் நினைவுமலருக்கு எழுதித் தரும்படி மகள் கேட்டபோது, எதை எழுதுவது என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. எங்கள் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் அவரைத் தெரியாதவர்கள் குறைவு. மன்னாரில் பிறந்தவர், புறநகரான சென் தெனியில் ஓர் அலுவலகத்தில் வேலை பார்த்தவர், நம்மவர்களின் விளையாட்டுப் போட்டி எங்கே நடந்தாலும் ஒலிவாங்கியோடு நின்றவர். அவர் குரலைக் கேட்டிருப்பீர்கள். அந்தக் குரலுக்குப் பக்கத்தில் நின்று எதிர்த்துக் கதைத்தவள் நான். அதனால் எனக்குத் தெரிந்தது கொஞ்சம் வேறு.

எங்கள் சின்ன இணைய வானொலியில் அமெரிக்கன் புட்போலுக்குத் தமிழில் நேரடி வர்ணனை ஏன் தொடங்கியது என்று இன்றும் சிலர் சிரிக்கிறார்கள். காரணம் புவனா அக்கா. அவருடைய மரக்கறிக் கடைக்கு ஞாயிற்றுக்கிழமைதான் பெருநாள். புறநகரில் இருந்து சனம் கார் து நோர் ரயில் நிலையத்தில் வந்து இறங்கிப் பை பையாக வாங்கிப் போகும். அவருடைய மகன் நிரோஜன் விளையாடுவதும் ஞாயிற்றுக்கிழமைதான். சென் தெனிக்கு அப்பால் ஒரு சின்னக் கழகத்தில் அவன் குவாட்டர்பக், ஆட்டத்தை நடத்துகிற ஆள். "என்ர பிள்ளை விளையாடுறதை நான் ஒருநாளும் பாக்கேல்லை அண்ணை" என்று புவனா அக்கா ஒருமுறை வெண்டிக்காய் நிறுத்துக்கொண்டு சொன்னார். அடுத்த ஞாயிறு அருள்தாசன் அண்ணை மைதானத்தின் ஓரத்தில் போனில் வர்ணனை சொல்ல நின்றார். தனியே கதைத்தால் கேட்கிறவர்கள் தூங்கிவிடுவார்கள் என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனார்.

அந்த விளையாட்டு எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. அவர் ரயிலில் வைத்து விளங்கப்படுத்தினார். பத்து யார், அதாவது பத்துக் கஜ தூரம், முன்னேற நான்கு முயற்சி. ஒவ்வொரு முறையும் பந்து குவாட்டர்பக்கின் கைக்கு வரும். அவர் தூரத்தில் நிற்கும் தன் ஆளுக்கு எறியலாம், பக்கத்தில் நிற்பவருக்குக் கொடுக்கலாம், வழி கிடைத்தால் தானே கொண்டு ஓடலாம். யோசிக்க இரண்டு மூன்று விநாடிதான். அதற்குள் எதிரணியின் பெரிய பெரிய ஆட்கள் அவரை விழுத்த வருவார்கள். "பூசணிக்காய் நிறுக்கிற மனிசிக்கு விளங்கவேணும். அப்பிடிச் சொல்லும்" என்பார் அண்ணை. செந்தமிழில் ஒரு வசனம் தொடங்கினாலே கையைக் காட்டி நிறுத்துவார்.

முதல் சில ஆட்டங்கள் சந்தோஷமாகப் போயின. பிறகு நிரோஜனுக்குப் பிடித்தது சனி. எறிகிற பந்தெல்லாம் எதிரணியின் கைக்குப் போனது. எறியாமல் வைத்துக்கொண்டு நின்றால் விழுத்தினார்கள். கழகம் தொடர்ந்து தோற்றது. எனக்குப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. ஒரு ஞாயிறு நேரடியாகவே சொன்னேன்: "அவனுக்குக் கால் இருக்கு, அண்ணை. மான் மாதிரி ஓடுவான். ஏன் மரம் மாதிரி நிக்கிறான்? அடிக்கடி ஓடவேணும்."

"ஓடக்கூடாது" என்றார் அவர், அதே போனில். "ஓடுற குவாட்டர்பக்குக்கு விழுற அடி உமக்குத் தெரியேல்லை. அதை விடும். ஓடப் பழகினால் பாக்கிறதை விட்டிடுவான். ஆர் எங்கை நிக்கினம் எண்டு பாத்து எறியிறதுதான் அவன்ர வேலை."

"பாத்துப் பாத்துத்தானே தோக்கிறான்."

"பாக்கப் பழகுறான். பொறும்."

பொறுமைக்கும் எனக்கும் வெகுதூரம். அந்த வாதம் வாரா வாரம் வளர்ந்தது. நேயர்களுக்கு ஆட்டத்தைவிட எங்கள் சண்டை பிடித்துப்போனது. சிகை அலங்காரக் கடையில் ஓடும் கட்சி, தேநீர்க் கடையில் எறியும் கட்சி என்று லா சப்பல் இரண்டுபட்டது. வாழ்க்கையில் ஒரு ஆட்டமும் பார்க்காதவர்கள் கூட அபிப்பிராயம் வைத்திருந்தார்கள். எனக்கு உள்ளுக்குள் பெருமை. என் கட்சிக்குத்தான் ஆள் அதிகம்.

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் புவனா அக்கா கடையைப் பூட்டிவிட்டு வானொலி அறைக்கு வந்தார். கடையை நடுப்பகலில் பூட்டுகிற மனிசி இல்லை அவர். இருக்கச் சொன்னோம், இருக்கவில்லை.

"முருங்கைக்காய் வாங்க வாற சனமெல்லாம் என்ர பிள்ளை ஓடவேணுமோ எறியவேணுமோ எண்டு எனக்குப் படிப்பிக்கினம். அவன் இப்ப கடைப்பக்கமே வாறேல்லை. வீட்டிலை வாய் திறக்கிறேல்லை. வாற ஞாயிறும் பிழைச்சால் வேற பெடியனை விடுவன் எண்டு கோச் சொல்லிப்போட்டாராம்." அவருடைய குரல் உயரவில்லை. "அண்ணை, நான் உங்களிட்டைக் கேட்டது என்ர பிள்ளை என்ன செய்யிறான் எண்டு. என்ன செய்யவேணும் எண்டு நான் கேக்கேல்லை."

அவர் போன பிறகு எனக்கு வாய் துடித்தது. ஊர் வாய்க்கு நாங்களா பொறுப்பு என்று ஏதோ தொடங்கினேன். அருள்தாசன் அண்ணை என்னைப் பார்க்கவே இல்லை. "அவ கேட்டது சரி" என்றார். "இனி ஒலிபரப்பிலை 'வேணும்', 'கூடாது' ரெண்டும் இல்லை. நடக்கிறதைச் சொல்லுவம். கண்ணாலை காணுறதை மட்டும்."

"அப்ப நான் வாயை மூடினால் நீங்கள் சொன்னதுதான் சரி எண்டு ஆகிடும்."

"சண்டையை ரயிலிலை பிடிப்பம். ஆர் வேண்டாம் எண்டது?"

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் மைதானத்துக்கு வரவில்லை. வயிற்றில் நோ என்று முதலே சொல்லிக்கொண்டிருந்தவரை வெள்ளிக்கிழமை வீட்டுக்கு விடாமல் ஆஸ்பத்திரியில் மறித்துவிட்டார்கள். காலையில் அழைத்தார். "நீர் தனியச் சொல்லும். வானொலி அறையிலை சொல்லி எனக்கும் ஒரு போன் லைன் போட்டுத் தரச் சொல்லும். நான் கதைக்க மாட்டன், கேக்கிறன்." பிறகு, "வசந்தி, ஒப்பந்தம் ஞாபகம் இருக்குத்தானே" என்றார். எனக்கு எரிச்சல் வந்தது. படுக்கையில் கிடந்தும் என் வாய்க்குப் பூட்டுப் போடுகிறாரே என்று.

அன்று மழை இல்லை, ஆனால் ஈரம். மைதானத்தின் மற்றக் கரையில் பதில் குவாட்டர்பக் தலைக்கவசத்தைப் போட்டுக்கொண்டு உடம்பைச் சூடாக்கிக்கொண்டு நின்றான். நிரோஜன் அந்தப் பக்கம் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டான். அவன் முதல் பந்தை எறிந்தான். அது நிலத்தில் விழுந்தது. இரண்டாவதை எதிரணிக்காரன் தட்டிவிட்டான். "எறிந்தார், விழுந்தது. எறிந்தார், தட்டுப்பட்டது" என்று சொன்னேன். ஓட வேண்டும் என்ற சொல் நாக்கு நுனியில் வந்து நின்றது. விழுங்கினேன். இடைவேளைக்கு முன் ஒரு பந்தை எதிரணி பிடித்துப் புள்ளி எடுத்தது. அதையும் சொன்னேன். கடையில் புவனா அக்கா கேட்டுக்கொண்டிருப்பார் என்று தெரிந்தும், குறைக்காமல் கூட்டாமல் சொன்னேன். ஒரு தாய்க்கு அதைச் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

இரண்டாம் பாதியில் அவன் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்ந்தான். சின்னச் சின்ன எறிகள், பிடிபட்டன. ஒரு நிமிடத்துக்கும் குறைவாக மிச்சம் இருந்தபோது நான்கு புள்ளி பின்னால் நின்றார்கள். எதிரணியின் கோட்டுக்கு இன்னும் பத்துப் பன்னிரண்டு யார் தூரம். மூன்று முயற்சி போய்விட்டது. கடைசி முயற்சி. கோட்டுக்குள் போனால் வெற்றி, போகாவிட்டால் தோல்வி, அடுத்த கிழமை நிரோஜன் ஆட்டத்துக்கு வெளியே வாங்கிலில் இருப்பான். கோச் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார்.

பந்து அவன் கைக்கு வந்தது. இடப்பக்கத்தில் அவனைக் காக்கிறவர்கள் உடைந்துபோனார்கள். "இடப்பக்கம் உடைஞ்சிட்டுது" என்றேன். "நிரோஜன் வலப்பக்கம் நகர்றார். பந்து இன்னும் கையிலை. எறிய ஆளைத் தேடுறார்." அப்போதுதான் கண்டேன், அவனுக்கு நேர் முன்னால் புல்வெளி திறந்து கிடந்தது. "முன்னுக்கு வெளி இருக்கு" என்றேன். "முழுக்க வெளி. ஒருத்தரும் இல்லை."

சொல்லி வாயை இறுக்கி மூடினேன். அந்த அமைதிக்குள், ஆஸ்பத்திரி லைனில் இருந்து, ஒலிபரப்பில் எல்லோருக்கும் கேட்கும்படி ஒரு நோயாளியின் குரல் வந்தது.

"ஓடு தம்பி. ஓடு."

நீங்களும் கேட்டிருப்பீர்கள். வானொலி அறையில் இருந்தவர்கள் அவருடைய லைனை மூட மறந்துவிட்டார்கள். மாதக்கணக்காக ஓடக்கூடாது என்று என்னோடு மல்லுக்கட்டியவர், தானே போட்ட ஒப்பந்தத்தைத் தானே உடைத்து, என் கட்சிக்குத் தாவினார்.

நிரோஜன் ஓடவில்லை. ஒரு கணம் நின்றான், கையை உயர்த்தினான், எறிந்தான். பந்து மூலைக்குப் போனது. அங்கே அவனுடைய ஆள் இரண்டு காலும் கோட்டுக்குள் இருக்கப் பிடித்தான். அதற்குப் பிறகு நான் என்ன சொன்னேன் என்று எனக்கு ஞாபகம் இல்லை. பூசணிக்காய் வெட்டின கத்தியோடு தெருவுக்கு வந்து நின்றதாகப் புவனா அக்கா பிறகு சொன்னார்.

இரண்டொரு நாள் கழித்து நிரோஜனைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். போகும்போதே கேலிக்கு ஆயத்தமாகப் போனேன். "என்ன அண்ணை, கடைசியிலை எங்கட கட்சிதானே சரி எண்டு வந்திட்டியள்" என்றேன். மெலிந்துபோய் இருந்தார். சிரித்தபோது பல்தான் பெரிதாகத் தெரிந்தது.

ஒலிபரப்பைப் பிறகு கேட்டிருந்த நிரோஜன் பிரெஞ்சும் தமிழுமாகத் தொடங்கினான். "அங்கிள், நான் ஓடியிருந்தா முடிஞ்சுது. வலது பக்கத்தாலை அவங்கட ஆள் ஒருத்தன் வந்தவன். அன்ரி அவனைக் காணேல்லை."

எனக்குச் சுருக்கென்றது. "நான் நிண்ட இடத்திலை இருந்து தெரியேல்லை" என்று பாய்ந்தேன். "கோச் முன்னுக்கு நிண்டவர். எனக்கு ஒரு பக்கம் மறைச்சுக்கொண்டிருந்தது." நிரோஜன் தோளைக் குலுக்கினான். அவனுக்கு அது பெரிய விசயமே இல்லை. எனக்குத்தான் முகம் எரிந்தது.

அருள்தாசன் அண்ணை போர்வையை இழுத்து நெஞ்சு வரை மூடினார். "அப்ப எறிஞ்சதுதான் சரி. பாத்தியேடா, நான் சொன்னனான்" என்று முதலில் அவனுக்குச் சொன்னார். கட்சியை விட்டுக்கொடுக்கிற ஆள் இல்லை அவர். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"எனக்கு இஞ்சை இருந்து ஒண்டும் தெரியேல்லை, வசந்தி. யன்னலாலை ஒரு சுவர்தான் தெரியுது. நீர் வெளி இருக்கு எண்டு சொன்னீர். நான் நம்பினனான்."

நல்ல வேளையாக நர்ஸ் சாப்பாட்டுத் தட்டைக் கொண்டுவந்து வைத்தார். அதன் பிறகு அண்ணை உயிரோடு இருந்த கிழமைகளில், ஒவ்வொரு ஞாயிறும் அந்த லைன் திறந்தே இருந்தது. அவர் மறுபடி வாய் திறக்கவில்லை. ஆனால் வியாழக்கிழமை போனில், நிரோஜன் ஓடலாமா கூடாதா என்று பழைய சண்டைக்கு வருவார். நானும் விடமாட்டேன்.

இப்போது எதிர்த்துக் கதைக்க ஆளில்லாமல் என் கட்சி வென்று கிடக்கிறது. எனக்கு அந்த வெற்றி வேண்டாம். அவரிடம் இருந்து நான் வைத்திருப்பது "நான் நம்பினனான்" என்ற அந்த ஒரு வசனம். காணாத இடத்தில் இருக்கிற ஒரு மனிசனோ மனிசியோ என் சொல்லை அப்படியே எடுத்துக்கொள்கிறார்கள் என்பதை அது எனக்கு நினைவூட்டுகிறது. அதனால் கோச்சுக்குப் பின்னால் நிற்பதை விட்டுவிட்டேன். மேட்டில் ஏறி, இரண்டு பக்கமும் தெரிகிற இடத்தில் நிற்கிறேன். அங்கே காற்று அதிகம், மூட்டும் நோகிறது.

போன ஞாயிறு நிரோஜன் பந்தோடு பின்னால் வந்தான். எறிய ஆள் இல்லை. முன்னால் புல் திறந்து கிடந்தது. நான் உடனே சொல்லவில்லை. வலப்பக்கம் பார்த்தேன், ஒருவரும் இல்லை. இடப்பக்கம் பார்த்தேன், அங்கேயும் இல்லை. "முன்னுக்கு வெளி இருக்கு" என்றேன்.

நிரோஜன் ஓடினான். நான் பழக்கத்தில் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றேன், ஆஸ்பத்திரி லைனில் இருந்து ஒரு குரல் வரும் என்று.