பழைய லேப்டாப்பில் ஓடிய லோரி

கிள்ளானை அடுத்த பண்டமாரானில் கண்டெய்னர் அடுக்கும் டிப்போ ஒன்றில் லோகேஸ்வரி காவலாளி. வாசலுக்கு வரும் லோரிகளில் கண்டெய்னர் கதவின் சீல் உடையாமல் இருக்கிறதா என்று பார்ப்பாள், ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பார்ப்பாள், பதில் சொல்லும்போது ஆளின் முகத்தைக் கவனிப்பாள். யாரையும் சட்டென்று நம்பாமல் இருப்பதற்குத்தான் அவளுக்குச் சம்பளம். அந்தக் குணத்தைச் சீருடையோடு கழற்றி மாட்டிவிட்டு வர அவளுக்குத் தெரியாது. பாசாரில் மீனின் செவுளைத் தூக்கிப் பார்க்காமல் வாங்க மாட்டாள். ஒருமுறை கோயில் அன்னதானத்துக்கு நன்கொடை கேட்டு வந்தவர்களை வாசலிலேயே நிறுத்திவிட்டு, கோயில் தலைவருக்கு போன் போட்டு விசாரித்தாள்.

கணவன் விஜயனை மட்டும் அவள் சந்தேகப்பட்டதில்லை. அவன் ட்ரெய்லர் லோரி ஓட்டுபவன். துறைமுகத்துக்கும் தெலுக் பங்லிமா காராங் தொழிற்சாலைகளுக்கும் போய்வருவான், வீட்டுக்கு வந்தால் சாப்பிட்டுவிட்டுத் தூங்குவான். போன வருடம் ஒரு மத்தியானம், சரக்கு இறக்கும் இடத்தில் அவனுக்கு வலிப்பு வந்தது. நல்ல வேளை, வண்டி நின்றுகொண்டிருந்தது. இனி ஸ்டீயரிங் பக்கமே போகக் கூடாது என்றார் மருத்துவர். விஜயன் வீட்டோடு உட்கார்ந்தான்.

அப்போதுதான் அந்த லேப்டாப் வந்தது. நண்பர் ஒருவரின் ஆபீசில் வேண்டாம் என்று ஒதுக்கியது. மூடியின் ஓரத்தில் விரிசல், விசைகளில் எழுத்து தேய்ந்து போயிருந்தது. விஜயன் அதை எடுத்துக்கொண்டு அறைக்குள் போவான், கதவைச் சாத்துவான். என்ன செய்கிறீர்கள் என்று கேட்டால் கேம் விளையாடுகிறேன் என்பான். முதலில் லோகேஸ்வரி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மனுஷனுக்குப் பொழுது போக வேண்டுமே.

அவளோடு வேலை பார்க்கும் புனிதாதான் வாயைத் திறந்தாள். தன் தம்பி கேம் விளையாடவென்றே தடித்த லேப்டாப் ஒன்று வாங்கினான், அதற்குள் தனி கிராபிக்ஸ் கார்டு இருக்கிறது, அது இல்லாத லேப்டாப்பில் டைப் அடிக்கலாம், படம் பார்க்கலாம், கேம் ஓடாது என்றாள். லோகேஸ்வரிக்குச் சுருக்கென்றது. கிள்ளானில் ஒரு கம்ப்யூட்டர் கடைக்குப் போய், கைப்பேசியில் எடுத்திருந்த லேப்டாப்பின் படத்தைக் காட்டினாள். கடைக்காரர் ஒரு பார்வைதான் பார்த்தார். இதில் கேமெல்லாம் நடக்காது ஆன்டி, புதுசு எடுங்க என்றார். விற்பதற்காகச் சொல்கிறார் என்று தோன்றியது. ஆனால் புனிதாவுக்கு விற்க ஒன்றுமில்லையே.

கேம் ஓடாது என்றால் கதவைச் சாத்திக்கொண்டு என்ன நடக்கிறது? வீட்டிலிருந்தே வேலை என்று நம்பி பேங்க் கணக்கைக் கொடுத்து மாட்டியவர்களைப் பற்றி அவள் படிக்காத நாளில்லை. ஆன்லைன் சூதாட்டமாகவும் இருக்கலாம். அறை வாசலில் நின்று காது கொடுத்தாள். லேப்டாப்பின் காத்தாடி கிரைண்டர் மாதிரி உறுமியது. அதற்கு மேல் விஜயனின் குரல், யாரிடமோ போனில்: "லோகாவுக்கு இப்பத்துக்குத் தெரிய வேணாம் லா. நான் சொல்லிக்கிறேன்."

அன்று குழம்பில் இரண்டு முறை உப்புப் போட்டாள்.

விஜயன் செராஸில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போன நாளில், லேப்டாப்பைத் துண்டில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு கொமுட்டர் ரயில் ஏறினாள். லேப்டாப்பையே கிள்ளானில் கொடுத்தால் யாராவது விஜயனிடம் சொல்லிவிடுவார்கள். பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு மாடிப்படி அடியில் ரிப்பேர் கடை வைத்திருந்தவர் அசாருதீன், தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்து இங்கேயே நிலைத்தவர். இதில் கேம் ஓடுமா ஓடாதா, அதை மட்டும் சொல்லுங்கள் என்றாள்.

லேப்டாப் கடவுச்சொல் கேட்காமலே திறந்துகொண்டது. மறைக்க வேண்டியவன் பூட்டாமலா விடுவான் என்று ஒரு கணம் மனம் இளகியது. பூட்டாமல் விட்டால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள் என்று விட்டிருப்பானோ என்று அடுத்த கணமே இறுகியது.

"ஓடுதேக்கா," என்றார் அசாருதீன். "புது கேம்னா தாங்காது. இது பழசு. அதுல படத்தோட தரத்தையும் உங்க வீட்டுக்காரர் நல்லாவே குறைச்சு வச்சிருக்கார். நிழல் கிடையாது, மழை கிடையாது, மரம்கூட பாதிதான். அப்படித்தான் இந்த மெஷின் இழுக்குது."

திரையில் ஒரு லோரி நின்றது. வானம் அட்டையில் வெட்டி ஒட்டியதுபோல இருந்தது. அசாருதீன் இன்னும் எதையோ தட்டிப் பார்த்துவிட்டு நெற்றியைச் சுருக்கினார். எல்லாவற்றையும் அடிமட்டத்துக்கு இறக்கியவர் லோரியின் பக்கக் கண்ணாடியில் தெரிவதை மட்டும் உச்சத் தரத்தில் வைத்திருக்கிறார், மெஷின் திணறுவதே அதனால்தான் என்றார். தூரப் பயணம் ஒன்றுகூட இல்லை, டிப்போவுக்குள் ட்ரெய்லரை ரிவர்ஸ் எடுப்பது மட்டும்தான், திரும்பத் திரும்ப அதே.

 கண்ணாடியைப் பார்த்து ட்ரெய்லரைப் பின்னால் எடுப்பவர்களைத் தினமும் பார்க்கிறவள் லோகேஸ்வரி. இது பொழுதுபோக்கு இல்லை. மறுபடி லோரி ஓட்டப் பழகிப் பார்க்கிறான். சூதாட்டம் இல்லை என்ற நிம்மதி ரயில் ஏறும்வரைகூட நிற்கவில்லை.

சாயங்காலம் விஜயன் வந்தபோது லேப்டாப் மேசைமேல் இருந்தது.

"யாரு உங்கள வேலைக்குக் கூப்பிட்டது?" என்றாள்.

அவன் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. பழைய கம்பெனியின் சூப்பர்வைசர் யுகேந்திரன்தான், டிப்போவுக்குள்ளேயே வண்டி நகர்த்தும் வேலை, ரோட்டுக்குப் போக வேண்டியதில்லை, லைசன்ஸ் யாரும் கேட்க மாட்டார்கள் என்றான்.

"உள்ளுக்குள்ள ஆளுங்க நடக்க மாட்டாங்களா?"

"அதுக்குத்தான் லோகா இதுல ஓட்டிப் பாக்குறேன். கண்ண எடுக்காம ஓட்டினா வலிப்பு வருதா இல்லையான்னு."

"வந்துச்சா?"

"இல்ல."

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள், வாசலில் நிற்கும் ஓட்டுநரைப் பார்ப்பதுபோல. அவன் பார்வையை மேசைக்குத் திருப்பினான்.

"ஒரு தடவ," என்றான். "இடது கை மட்டும் இழுத்துச்சு. மறுபடி திரையப் பாக்குறப்போ ட்ரெய்லர் சுவத்துல மோதி நிக்குது. எப்ப மோதுச்சுன்னே தெரியல."

லோகேஸ்வரி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.  அவன் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, மறு கையால் யுகேந்திரனுக்குப் போன் போட்டு, விஜயன் வர மாட்டார் என்று மட்டும் சொன்னாள்.

அவளே அவனை மருத்துவரிடம் அழைத்துப் போனாள். சுவரில் மோதிய கதையை அவனையே சொல்ல வைத்தாள். மருத்துவர் இருவரையும் கண்டித்தார், மருந்தை மாற்றினார், விளையாடுவதானால் கொஞ்ச நேரம்தான், தனியாக வேண்டாம் என்றார். விஜயன் சில நாள் லேப்டாப்பைத் தொடவே இல்லை. பிறகு அதைக் கூடத்துக்கே கொண்டுவந்துவிட்டான். அவன் விளையாடும்போது லோகேஸ்வரி பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்வாள். கேமை அவள் நம்பவில்லை, புது மருந்தையும் முழுதாக நம்பவில்லை.

இப்போது விஜயனுக்கு லோரி எடை போடும் நிலையம் ஒன்றின் கவுண்டரில் வேலை கிடைத்திருக்கிறது. உட்கார்ந்த இடத்து வேலைதான், ஒன்றும் ஆகாது என்று அங்கிருந்தவர்கள் சொன்னார்கள். அவன் சேர்வதற்கு முதல் நாள் லோகேஸ்வரி அங்கே போனாள். படிக்கட்டு உண்டா, மேசைக்குக் கூர்மையான முனை இருக்கிறதா, பக்கத்தில் எப்போதும் ஆள் இருப்பாரா என்று பார்த்தாள், கேட்டாள். பக்கத்தில் உட்காரப்போகும் பெண்ணுக்கு, வலிப்பு வந்தால் ஆளை எந்தப் பக்கம் சாய்த்துப் படுக்க வைக்க வேண்டும் என்று செய்து காட்டிவிட்டுத்தான் கிளம்பினாள்.