மாப்பிள்ளையின் நீர்மூழ்கிக் கப்பல்

என் தங்கை புருஷனுக்கு நான் இரண்டு மாதச் சம்பளம் பாக்கி வைத்திருந்தேன். ஊரில் வேறு யாருக்கும் ஒரு காசு பாக்கி வைக்காதவன் நான். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, பம்ப் பழுதுபார்க்கும் பட்டறையில் தரை கூட்டி, இன்று மூன்று கடைக்கு முதலாளி. வங்கி மேலாளர் என்னைக் கண்டால் எழுந்து நிற்பார். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, பெருமைக்காகத்தான்.

மாப்பிள்ளை என் கடை வேனை ஓட்டினார். ஒருநாள் சரக்கோடு பின்னால் எடுக்கும்போது கேட் தூணில் இடித்து வேனின் தகடு கிழிந்துவிட்டது. அந்தத் தூணை வழியில் நட்டு வைத்தவன் நான். ஆனாலும், "தகடு மாத்துற செலவு உங்க கணக்கு" என்று சொல்லிச் சம்பளத்தை நிறுத்திக்கொண்டேன். அவர் வேறு இடத்தில் வண்டி ஓட்டப் போனார். வாடகை கட்ட முடியாமல் திண்டாடுகிறார்கள் என்று காதுக்கு வந்தது. ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டேன்.

அதிர்ந்து பேசத் தெரியாத மனுஷர். சட்டைப் பையில் பேனா இருக்கிற இடத்தில் டயர் காற்றுப் பார்க்கிற கம்பி இருக்கும். அவருக்கு இருந்த ஒரே ஆசை, பழைய கம்ப்யூட்டரில் ஒரு விளையாட்டு. கடலுக்கடியில் நீர்மூழ்கிக் கப்பல் ஓட்டி, மேலே போகும் சரக்குக் கப்பலை டார்பிடோ என்கிற நீரடிக் குண்டால் அடிக்க வேண்டும். கேட்டால் கம்ப்யூட்டரே குறி பார்த்துக் கொடுக்கும். இவர் அந்த வசதியை அணைத்துவிட்டுக் கையால் பார்ப்பார். தண்ணீருக்கு மேலே எட்டிப் பார்க்கிற பெரிஸ்கோப்பில் அந்தக் கப்பலின் கொடிமர உயரத்தை அளந்து தூரம் கண்டுபிடிப்பார். கப்பலின் மூக்கும் வாலும் ஒரு கோட்டைத் தாண்ட எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்து வேகம் கண்டுபிடிப்பார். எந்தக் கோணத்தில் போகிறது என்று குறிப்பார். பிறகு வெறும் தண்ணீரைப் பார்த்துச் சுடுவார். டார்பிடோ போய்ச் சேரும்போது கப்பல் அங்கே வந்திருக்கும்.

ஒரு விடுமுறை நாள் மத்தியானம் நானும் என் வீட்டுக்காரியும் தங்கை வீட்டுக்குப் போயிருந்தோம். மாப்பிள்ளை கம்ப்யூட்டரில் அளந்துகொண்டே இருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

"இதுக்கு இவ்வளவு நேரமா மாப்பிள்ளை? பம்ப் ஷாஃப்ட்டைக் கண்ணால பார்த்தே எத்தனை நூல் அளவு தேய்ஞ்சிருக்குன்னு சொல்றவன் நான்."

தங்கை அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்தாள். "அப்ப ஒரு கப்பலை அடிங்கண்ணா. அடிச்சிட்டா சம்பள பாக்கியைக் கேட்க மாட்டோம். தவறிட்டா இங்கேயே எண்ணி வெச்சிட்டுப் போங்க."

"நீ சும்மா இரு" என்றார் மாப்பிள்ளை.

நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அவர் பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுத்தார். "கோணத்தை நம்ம பார்வையில போடக்கூடாது மச்சான். அந்தக் கப்பல் கேப்டன் பார்த்தா நாம அவருக்கு எந்தப் பக்கம் தெரிவோமோ, அதைப் போடணும்."

"அவன் எப்படிப் பார்த்தா எனக்கென்ன?"

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு, "மவுஸ் இழுக்குது, ஒரு நிமிஷம்" என்று குனிந்து எதையோ தட்டிவிட்டுக் கொடுத்தார். நான் தோன்றியதைப் போட்டுச் சுட்டேன். கப்பல் இரண்டாகப் பிளந்தது. என் வீட்டுக்காரி கை தட்டினாள். தங்கை கரண்டியோடு அடுப்படிக்குத் திரும்பினாள்.

அதற்குப் பிறகு நான் தரையில் நடக்கவில்லை. வாஷர் வாங்க வந்தவனிடமெல்லாம் கதை சொன்னேன். கடையில் என்னைக் "கேப்டன்" என்றே கூப்பிட ஆரம்பித்தார்கள். எதிர்க்கடை இரும்பு வியாபாரி மட்டும் நம்பவில்லை. "நீங்க குளத்துல கல்லு போட்டாலே தண்ணியில படாதே" என்றார். கையோடு அவரை இழுத்துக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போனேன்.

"இன்னிக்கு வேண்டாமே மச்சான்" என்று மாப்பிள்ளை தயங்கினார். மவுஸைத் தொட வந்தவரை, "நகருங்க, எனக்கு எல்லாம் தெரியும்" என்று தள்ளினேன்.

முதல் டார்பிடோ கப்பலின் வாலுக்குப் பின்னால் போனது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது எங்கே போனது என்று யாருக்கும் தெரியவில்லை.

"மீனுங்க உங்களை என்னங்க பண்ணுச்சு?" என்றார் இரும்பு வியாபாரி.

"கம்ப்யூட்டர் கெட்டுப்போச்சு" என்றேன்.

"கெட்டுப்போகலை" என்றாள் தங்கை. "அன்னிக்கு அதுவே குறி பார்க்கிற மாதிரி இவர் மாத்தி வெச்சார். நீங்க எதைப் போட்டிருந்தாலும் பட்டிருக்கும்."

"விடு" என்றார் மாப்பிள்ளை.

"எதை விடணும்? வாடகைக்காக என் தையல் மெஷினை வித்தோமே, அதையா?"

ஜன்னலோரம் பார்த்தேன். மெஷின் இருந்த இடத்தில் தரையில் நாலு கால் தடம் மட்டும் இருந்தது. கப்பலை அடித்த அன்றைக்கும் அந்த ஜன்னலோரமாகத்தான் உட்கார்ந்து காபி குடித்தேன். மெஷின் இல்லாதது என் கண்ணில் படவில்லை.

"ஏன் மாப்பிள்ளை இப்படிப் பண்ணீங்க?"

அவர் தரையைப் பார்த்தார். "தோத்தா நீங்க இந்த வாசப்படி மிதிக்க மாட்டீங்க மச்சான். இவளுக்குப் பிறந்த வீடுன்னு உங்களை விட்டா யார் இருக்கா?"

இரும்பு வியாபாரி மெதுவாகச் செருப்பைத் தேடினார். காது மடல் வரை எனக்குச் சுட்டது. எழுந்து ஓடிவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது, பொய் சொல்வானேன். அப்படிப் போனால் மாப்பிள்ளை பயந்தது உண்மையாகிவிடும். "இருங்க, நீங்களும் பார்த்துட்டுப் போங்க" என்று வியாபாரியை நிறுத்தினேன்.

இடுப்புப் பையைத் திறந்தேன். அதில் எப்போதும் பணம் இருக்கும். அதைத் தட்டித் தட்டித்தான் ஊரில் பேசுவேன். மாப்பிள்ளை கை நீட்டவில்லை. அவர் மணிக்கட்டைப் பிடித்து உள்ளங்கையை விரித்தேன். வாய்விட்டு எண்ணினேன். பாதியில் எண்ணிக்கை விட்டுப்போய், முதலிலிருந்து எண்ண வேண்டியதாயிற்று. தகட்டுக்கென்று ஒரு காசும் பிடிக்காமல், இரண்டு மாதச் சம்பளத்தின் கடைசி நோட்டையும் அந்தக் கையில் வைத்தேன்.