இடைவேளை முடிந்ததும் லென்

கிளெனிஸ் ரிம்மர் எங்கள் ஊர்த் திரையரங்கின் மேலாளர். லிவர்பூலுக்கு எதிர்க்கரையில், கடலைப் பார்த்த தெருவில் ஒற்றைத் திரையோடு நிற்கிறது அது. சின்ன வயதில் கழுத்தில் ஐஸ்கிரீம் விற்கும் தட்டை மாட்டிக்கொண்டு உள்ளே வந்தவள். ஆபரேட்டர் லென்னைக் கட்டிக்கொண்டாள். டிக்கெட் கிழித்தாள், கழிப்பறை கழுவினாள், ஒருநாள் சாவிக்கொத்து அவள் கைக்கு வந்தது. நான் பாலின், டிக்கெட் கவுண்டரில் இருப்பவள்.

லென் புகைப்பது ஊருக்கே தெரியும். ஒரு ரீல் ஓடி முடிவதற்குள் பின்பக்க இரும்புப் படியில் இரண்டு சிகரெட் தீர்ந்துவிடும். நுரையீரல் கெட்டு, ஆக்ஸிஜன் குழாயோடு அவன் வீட்டில் உட்கார்ந்த பிறகுதான் நகராட்சிச் சுகாதாரப் பிரிவிலிருந்து ஃபியோனா வந்தாள். கதாநாயகன் பற்றவைப்பதைப் பார்த்துத்தான் பிள்ளைகள் பழகுகிறார்கள் என்பது அவர்கள் பேச்சு. அதனால் வட்டாரத்துத் திரையரங்குகளை ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். யாராவது புகைக்கிற படமாக இருந்தால், கூடவே அரை நிமிட எச்சரிக்கைப் படம் ஒன்றைப் போட வேண்டும். உள்ளூர் முகமாக இருந்தால் நல்லது என்றாள்.

"என் மூஞ்சி போதுமா?" என்றான் லென். "இத்தன வருஷமா அடுத்தவன் மூஞ்சியத்தான் ஓட்டியிருக்கேன்."

"உனக்குப் பவுடர் போட்டே நகராட்சி திவாலாயிடும்," என்றாள் கிளெனிஸ்.

நாற்காலியில் உட்காரவைத்துப் படம் எடுத்தார்கள். "நான் லென். உங்க ஊர்த் தியேட்டர்ல படம் ஓட்டினவன். இப்ப என் வீட்டு மாடிய என்னால ஏற முடியல," என்று ஆரம்பித்து, நடுவில் இருமி, "படத்துல பிடிக்கிறவன் நடிச்சிட்டுப் போயிடுவான்," என்று முடிப்பான். அது எங்களுக்கு வந்து சேருமுன், ஈஸ்டர் வாரத்தில், லென் போய்விட்டான்.

அடக்கம் முடிந்த மறுநாளே கிளெனிஸ் வேலைக்கு வந்தாள். அழுது நான் பார்க்கவில்லை. சாப்பிட்டாயா என்றால் சாப்பிட்டேன் என்பாள். என்ன சாப்பிட்டாய் என்றால் யோசிப்பாள். வெள்ளிக்கிழமை காலைகளில் புதுப் படத்தைக் காலி அரங்கில் தனியாகப் பார்த்துவிட்டு வந்து சொல்லுவாள். சிகரெட் வந்தால் அந்த வாரம் லென் உண்டு. வராவிட்டால் இல்லை.

விளம்பரங்களுக்கெல்லாம் முன்னால், முதல் ஆளாக அவனைப் போட்டோம். மரியாதை என்று நினைத்துத்தான். ஆனால் எங்கள் ஊரில் ஏழரைக் காட்சிக்கு ஏழரைக்கு யார் வருவார்கள்? எதிர்ப் பப்பில் கடைசி வாயைக் குடித்து, வாசற்படியில் கடைசி இழுப்பை இழுத்து, படம் ஆரம்பிக்கும்போதுதான் நுழைவார்கள். லென் காலி நாற்காலிகளிடம் பேசினான். கடைசி வரிசைக்குப் பின்னால் டார்ச்சோடு கிளெனிஸ் மட்டும் நிற்பாள். அவன் பேசி முடித்ததும் வெளியே வந்துவிடுவாள்.

கோடையில் ஃபியோனா ஒரு சாயங்காலம் எட்டிப் பார்த்தாள்.

"எல்லாரும் எங்கே?"

"வருவாங்க கண்ணு. படம் ஆரம்பிக்கட்டும்."

"அப்ப லென் யார்கிட்ட பேசுறாரு?"

கிளெனிஸ் டார்ச்சை அணைத்தாள், மறுபடி போட்டாள்.

"நீங்க இன்னும் ஐஸ்கிரீமுக்கு இடைவேளை விடுறீங்கல்ல," என்றாள் ஃபியோனா. "அது முடிஞ்சு எல்லாரும் உட்கார்ந்ததும் போடலாமே. உங்களுக்குக் கஷ்டம்னா வேற ஊர்க்காரர் பேசின படம் ஒண்ணு இருக்கு. அதத் தர்றேன். கட்டாயம் இல்ல."

"யோசிக்கிறேன்."

யோசித்த மாதிரி தெரியவில்லை. வாரங்கள் போயின. ஒருநாள் சில்லறை மாற்ற வந்தவள், "அந்தக் கூட்டத்துக்கு நடுவுல அவன் இருமறத நான் கேக்கணுமா பாலின்?" என்றாள்.

"முடியாதுன்னு சொல்லிடேன்டி. உன்ன யாரு கேக்கப்போறா?"

பாப்கார்ன் இயந்திரத்தைத் துடைத்துக்கொண்டிருந்த அவள் மகள் கொலெட் நிமிர்ந்தாள். பதினைந்து வயது, சனிக்கிழமைகளில் எங்களோடு வேலை செய்வாள்.

"மா, அப்பாவ நீ யாருக்குப் போடுற?"

"வர்றவங்களுக்கு."

"வர்றவங்க பாக்கவே இல்ல. அப்படி ஒண்ணு இருக்குன்னு என் கிளாஸ்ல ஒருத்தருக்கும் தெரியாது. நீ மட்டுந்தான் பாக்குற. அதுக்கு வீட்டு டிவி போதாதா?"

"பசங்க கேலி பண்ணுவாங்கடி. உன் முன்னாடியே இருமிக் காட்டுவாங்க."

"காட்டட்டும். இருமல் சரியா வரலன்னு அப்பாவே எத்தன தடவ திரும்ப எடுக்கச் சொன்னாரு. நீதானே திட்டின, பெரிய நடிகன்னு நெனப்பான்னு."

கிளெனிஸ் சில்லறையை எண்ணாமலே பையில் போட்டுக்கொண்டு போனாள். போகிற வழியில் புது ஆபரேட்டரின் அறைக் கதவைத் தட்டினாள்.

அடுத்த சனிக்கிழமை ஒரு துப்பறியும் படம். நாயகன் தூங்கும்போது மட்டும்தான் புகைக்கவில்லை. இடைவேளையில் பாதிக் கூட்டம் வாசற்படிக்குப் போய்ப் பிடித்துவிட்டு, கோட்டில் வாடையோடு திரும்பியது. இளசுகள் ஐஸ்கிரீம் டப்பாக்களோடு முன்வரிசைகளில் கால் நீட்டினார்கள். விளக்கு அணைந்தது. நானும் கவுண்டரை விட்டுவிட்டுக் கதவோரம் போய் நின்றேன்.

"ஏய், இது நம்ம லென்டா," என்றது ஒரு குரல்.

அவன் இருமியதும் இன்னொருத்தன் கூடவே இருமினான். ஒரு வரிசை சிரித்தது. "வாய மூடுடா கழுத, செத்தவருடா அவரு," என்றாள் ஒரு பெண். "தெரியாதுங்க," என்றான் அவன். அதற்குள் லென் பேசி முடித்திருந்தான். கொலெட் தட்டைக் கழுத்தில் மாட்டியபடி நடைவழியில் நின்று கடைசிவரை பார்த்தாள். நாயகன் மறுபடி பற்றவைத்தான். எங்கோ யாரோ இருமினார்கள். கேலியா, நிஜமா, தெரியவில்லை.

கிளெனிஸ் வெளியே வந்தாள்.

"பாத்தியா?" என்றேன்.

"பாதிதான். நெட்டையன் ஒருத்தன் எடம் தேடிக்கிட்டு முன்னாடி நின்னுட்டான். காதும் குழாயும் தெரிஞ்சுது."

"நாளைக்குக் கொஞ்சம் முன்னாடி போய் நில்லு."

"வேணாம். அவங்க பாக்கட்டும்," என்றாள். பிறகு, "நாளைக்கும் இதே மாதிரிதான். வெனிலா இன்னும் ரெண்டு பெட்டி எடுத்து வைக்கணும்," என்று சொல்லிவிட்டுக் கிடங்குப் பக்கம் போனாள்.