கவிழ்த்துப் பார்க்கும் படகுக்காரர்

1. சனிக்கிழமை அலுவலக நண்பர்களோடு போய், ஹொல்ம்லியாக் கடற்கரையில் கயாக் என்ற ஒடுக்கமான துடுப்புப் படகை வாடகைக்குக் கேட்டேன்.
2. நீச்சல்குளத்தில் கயாக் பயிற்சி முடித்த அட்டையைக் காட்டினேன்.
3. படகுக் கடைக்காரர், நம்மவர்தான், அதைப் பார்க்காமலே, இடுப்பளவு நீரில் என்னைப் படகோடு கவிழ்த்தார்.

நரைத்த தாடி, கோடையிலும் கம்பளித் தொப்பி, நூலால் கட்டிய மூக்குக்கண்ணாடி. யார் வந்தாலும் முதலில் கவிழ்ப்பார். தானாக வெளியே வருபவருக்குத்தான் படகு. எனக்குக் குளிரில் மூச்சடைத்துவிட்டது. அவர்தான் தூக்கி நிறுத்தினார்.

துவாயைச் சுற்றிக்கொண்டு, "இதுக்குத்தான் அங்கிள், அரசாங்கம் பயிற்சியைக் கட்டாயமாக்க வேணும்" என்றேன்.

"வேண்டாம் பிள்ளை. கட்டாயமாக்கினா எல்லாரும் உம்மை மாதிரி அட்டையோட வருவினம். அட்டை மிதக்காது."

"அப்ப நீங்கள் செய்யிறது கட்டாயம் இல்லையோ?"

"கட்டாயமெண்டு ஆர் சொன்னது? விருப்பமில்லாத ஆக்கள் கரையில நிக்கலாம்."

கவிழ்ந்து தேறிய நண்பர்கள் எதிரே இருந்த தீவுக்குத் துடுப்புப் போட்டார்கள். நான் அவர்களுடைய சப்பாத்துகளுக்குக் காவல் இருந்தேன்.

பயிற்சியைக் கட்டாயமாக்க வேண்டும் என்றுதான் இன்னமும் நினைக்கிறேன். சட்டம் வரவில்லை. இதுவரை நான்கு சனிக்கிழமைகள் கவிழ்ந்திருக்கிறேன். அவர் எனக்கு இன்னும் படகு தரவில்லை.