மிலிட்டரி லாரியின் காணாத தகடுகள்

மிலிட்டரிக்காரன் கழித்துக்கட்டிய லாரியைப் பழுதுபார்க்கிற தொழிலில், இருப்பதைச் சரிசெய்வது சுலபம். இல்லாதது என்னவென்று கண்டுபிடிப்பதில்தான் பிராணன் போகும்.

யுத்தம் முடிந்த கையோடு மந்தைவெளியில் எங்கள் ஷெட்டுக்கு வந்த வண்டிகளில் சவரிமுத்துவின் லாரியும் ஒன்று. சாந்தோம்காரர். யுத்தத்தில் டிரைவராகப் பர்மா பக்கம் போய்த் திரும்பியவர். வேறு வேலை கிடைக்கவில்லை. ஏலத்தில் எடுத்த இந்த லாரியில் செங்கல் ஏற்றித்தான் குடும்பம் சாப்பிட வேண்டும். கேபினுக்குள் பார்த்தால் ஸ்டியரிங், சீட்டு, வெறும் சட்டம். உள்தகடு ஒன்றுகூட இல்லை. பழைய வண்டியைக் கட்டிக்கொண்டு அழுகிற உங்களுக்கு என் நிலைமை புரியும்.

மாதிரி தேடிப் போனது

தகடு எங்கே இருந்தது என்பதை ஸ்குரூ துளைகளும் வெளுக்காத பெயிண்டும் காட்டிவிடும். எந்த வடிவத்தில் இருந்தது என்பதைக் காட்டாது. அதே மாதிரி லாரி சிந்தாதிரிப்பேட்டையில் நிற்பதாகக் கேள்விப்பட்டு, நானும் எங்கள் டிங்கர் கண்ணையாவும் மொட்டை வெயிலில் போனோம். கதவின் உள்தகட்டைத் தடவிப் பார்த்துக் கண்ணையா சொக்கிப்போனார். "கம்பெனிக்காரன் வேலைன்னா வேலைதான்" என்றார்.

அந்த ஷெட் மேஸ்திரி வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து சொன்னார்: "இன்னா கம்பெனி? எண்ணெ டின்ன வெட்டி நான் போட்டது நைனா. உங்க வண்டில அசல் கீதுன்னாங்க, நாளைக்கு அளவெடுக்க வர்றதா இருந்தேன்."

இன்ஜின் பக்கத்துத் தகடு

இன்ஜினுக்கும் டிரைவர் காலுக்கும் நடுவில் ஒரு தகடு உண்டு என்பது எங்களுக்குத் தோன்றவே இல்லை. அங்கே துளைகள் துருவில் மறைந்திருந்தன. அப்படியே அடையாறு பாலம்வரை ஓட்டிப் பார்க்கச் சொன்னோம். திரும்பி வந்த சவரிமுத்து இடதுகாலை இழுத்து இழுத்து நடந்தார். இன்ஜின் சூட்டில் முழங்காலுக்குக் கீழே முழுக்கக் கொப்புளம். பாதி வழியில் நிறுத்தியிருக்கக் கூடாதா என்று கத்தினேன்.

"வழில நிறுத்தற பழக்கம் வுட்டுப்போச்சு சார்" என்றார்.

சீட்டுக்குப் பின்னால்

டிரைவர் முதுகுக்குப் பின்னால் ஒரு சதுர ஓட்டை. யாரோ வெட்டியது என்றுதான் சவரிமுத்து உட்பட எல்லோரும் நினைத்தோம். விரலை விட்டுத் தடவியபோது மேலும் கீழும் தகடு ஓடுகிற காடி தட்டுப்பட்டது. ஆகா, இழுத்துத் திறக்கிற கதவு! தகடு வெட்டி ஏற்றினோம். உருப்படியாகக் கண்டுபிடித்த ஒரே தகடு அதுதான். சவரிமுத்துவை சீட்டில் உட்காரவைத்து, பின்னாலிருந்து சர்ரென்று திறந்து காட்டினேன்.

அவர் திரும்பவில்லை. நின்ற வண்டியில் ஆக்ஸிலரேட்டரை அழுத்தி மிதித்தார். இறங்கிப் போனவர் அந்த வாரம் முழுக்க வரவே இல்லை. வேறு வண்டி பார்த்துக்கொள்வதாகச் செங்கல் சூளைக்காரர் ஆள் அனுப்பிவிட்டார். கடைசியில் சவரிமுத்துவின் மனைவிதான் அவர் கையைப் பிடித்து அழைத்துவந்தார்.

"இது ஆம்புலன்ஸ் சார். பர்மால நான் ஓட்டினதும் இந்த மாதிரிதான், கதவு தொறக்கறப்பதான் தெரிஞ்சுது. பின்னால அடிபட்டவங்க படுத்துக்கினு இருப்பாங்க. எங்கயும் நிறுத்தக் கூடாதுன்னு ஆர்டர். அந்தக் கதவத் தொறந்துதான் தண்ணி கேப்பாங்க. நான் ஓட்டிக்கினே இருப்பேன்" என்றார் சவரிமுத்து.

கண்ணையா கதவை மூடி ரிவெட் அடித்தார். நான் அந்தப் பக்கம் பார்க்கவே கூசினேன். சவரிமுத்து ஏறி உட்கார்ந்து, விரல் முட்டியால் தகட்டைத் தட்டிப் பார்த்தார். "மேல இன்னொரு தகடு போடுங்க சார். சத்தம் கேக்கக் கூடாது."

அன்றிலிருந்து எந்தத் தகட்டைக் கண்டுபிடித்தாலும் மாட்டுவதற்கு முன் வண்டிக்காரரிடம் 'வேணுமா' என்று கேட்டுவிடுகிறேன். இந்தத் தொழிலில் நான் தேறியது அவ்வளவுதான்.