மஞ்சளோடு நின்ற படிக்கட்டு

போன வருஷம், மழை விட்டிருந்த ஒரு கார்த்திகை மாதக் காலை. திருப்பதி அலிபிரியிலிருந்து நானும் அம்மாவும் மலையேறிக்கொண்டிருந்தோம். எனக்கு வேலை கிடைத்தால் ஒவ்வொரு படிக்கும் மஞ்சள் குங்குமம் வைத்து ஏறுவதாக அம்மா வேண்டிக்கொண்டிருந்தாள். வேலை கிடைத்தபாடில்லை. "முன்னாடியே வெச்சுட்டா சாமிக்கு மறக்காது" என்று அவளே வேண்டுதலைத் திருத்திக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

எங்களுக்கு ஊர், ஆந்திர எல்லையிலிருக்கும் நகரி. நைனா விசைத்தறி ஓட்டுகிறார். நான் சென்னையில் அனிமேஷன் படித்துவிட்டு வந்து, தறிச் சத்தத்துக்கு நடுவே லேப்டாப்பைக் கட்டிக்கொண்டு அழுதுகொண்டிருந்தேன். எங்கள் தொழிலில் சான்றிதழை யாரும் பார்ப்பதில்லை. நாம் செய்ததில் நல்லதாகப் பொறுக்கி ஒரு நிமிட வீடியோவாகக் கோத்து அனுப்ப வேண்டும். ஷோரீல் என்பார்கள். என் ஷோரீலின் கடைசியில் ஒரு சிறுத்தை வரும். அதற்காக மாதக்கணக்கில் சிறுத்தை வீடியோக்களை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். தோள் எப்படி ஏறி இறங்குகிறது, வால் எப்போது அசைகிறது என்று கனவில்கூட அதுதான். அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "பெரிய பூனையாட்டம் கீதுடி" என்றாள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பிறகு ஹைதராபாத் ஸ்டுடியோ ஒன்றிலிருந்து பதில் வந்தது. நடை சரியாக இருக்கிறது, பார்த்தால் பயம் வரவில்லை என்று எழுதியிருந்தார்கள். அம்மா சொன்னதைத்தான் கொஞ்சம் மரியாதையாகச் சொல்லியிருந்தார்கள். அதற்குப் பிறகு எந்த இடத்திலிருந்தும் பதிலே இல்லை. சித்தூரில் ஒரு போட்டோ கடையில் கல்யாண ஆல்பம் செய்யவாவது ஆள் வேண்டுமா என்று கேட்டுப் பார்த்தேன். அங்கும் வேண்டாம் என்றுவிட்டார்கள். இனி எனக்கு வேலையே கிடைக்காது என்ற பயம் நெஞ்சில் கல்லாக உட்கார்ந்திருந்தது.

மலைப்பாதையில் சிறுத்தை நடமாட்டம் இருக்கிறது, கும்பலாகப் போங்கள் என்று கீழேயே காவலர்கள் சொல்லித்தான் அனுப்பினார்கள். கும்பலாகத்தான் கிளம்பினோம். ஆனால் படிக்குப் படி குனிந்து பொட்டு வைப்பவர்களோடு யார் காத்திருப்பார்கள்? பாதை நடுவிலிருக்கும் காலி கோபுரம் தாண்டியதும் எல்லோரும் முன்னால் போய்விட்டார்கள். எங்களோடு மிஞ்சியது ஒரு தெலுங்கு அம்மா மட்டும்தான். அவரும் அதே வேண்டுதல். படியின் ஒரு பாதியில் அவர், மறுபாதியில் அம்மா. இருவரும் தங்கள் பிள்ளைகளின் பெருமைகளை ஆளுக்கொரு மொழியில் பேசிக்கொண்டே ஏறினார்கள். சொல்லிக்கொள்ளும்படி பெருமை எதுவும் இல்லாத நான், சில படிகள் மேலே நின்று அம்மாவைப் போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். குனிவது, தொடுவது, நிமிர்வது. அந்த அசைவு ஷோரீலுக்கு உதவும் என்று தோன்றியது.

போன் திரையில்தான் முதலில் பார்த்தேன். அம்மாவின் முதுகுக்குப் பின்னால், ஓரத்துச் சுவரைத் தாண்டிய புதரில், இலைகளுக்கு நடுவே ஏதோ ஒன்று ஏறி இறங்கியது. ஒரு பக்கம் ஏறியது, இறங்கியது. பிறகு மறுபக்கம். வேறு யாராக இருந்தாலும் காற்று என்று நினைத்திருப்பார்கள். எனக்கு அது தோள் என்று தெரிந்துவிட்டது. தோள் இரண்டும் மாறி மாறி அசைய, நடுவில் தலை மட்டும் அசையவே இல்லை. அது அம்மாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

கத்த வேண்டும் என்று நினைத்தேன். கத்தினால் அம்மா பதறி ஓடுவாள் என்று அடக்கிக்கொண்டேன். ஓடினால் துரத்தும், குனிந்திருப்பவர்கள் அதன் கண்ணுக்குச் சின்ன மிருகமாகத் தெரிவார்கள் என்று எங்கோ பார்த்தது ஞாபகம் வந்தது. ஒவ்வொரு படியாக இறங்கி அம்மாவின் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினேன்.

"அம்மா, எழுந்திரு."

"இருடி, மஞ்சா வெச்சுட்டேன், குங்குமம் வெக்கல. பாதியில எழுந்துக்கக் கூடாது."

"அம்மா, எழுந்திரும்மா."

"இன்னாடி ஆச்சு உனக்கு?" என்று அவள் கையை உதறினாள். குங்கும டப்பா நழுவிப் படிகளில் டங் டங்கென்று உருண்டது. புதரில் ஒரு காது மட்டும் அந்தச் சத்தத்தின் பக்கம் திரும்பியது. கண் திரும்பவில்லை. பிடித்து இழுத்த இழுப்பில் அம்மா நிமிர்ந்தேவிட்டாள்.

அந்தத் தெலுங்கு அம்மா என் முகத்தைப் பார்த்தார். என் கண் போன திசையைப் பார்த்தார். அவர் அலறவில்லை. "கதலொத்தம்மா" என்று மெல்லச் சொல்லி, நகர வேண்டாம் என்று கையால் காட்டினார். மெதுவாக எழுந்து எங்களை ஒட்டி நின்றார். பிறகு அடிவயிற்றிலிருந்து ஒரு குரல் எடுத்தார், "ஏடுகொண்டலவாடா, வெங்கட்டரமணா" என்று. அந்தக் குரல் கேட்டால் யாராக இருந்தாலும் பதில் சொல்லியே தீருவார்கள். கீழே வளைவில் வந்துகொண்டிருந்த ஒரு பெரிய கும்பல், கண்ணுக்கே தெரியாமல், "கோவிந்தா, கோவிந்தா" என்றது. அவர் மறுபடி கூப்பிட்டார். பதில் இன்னும் பக்கத்தில் கேட்டது. எதற்கு என்று தெரியாமலே அம்மாவும் கோவிந்தா போட்டாள். இலைகள் ஒருமுறை அசைந்தன. அப்புறம் புதர் வெறும் புதராகத்தான் இருந்தது.

கும்பல் வந்து எங்களைச் சூழ்ந்துகொண்ட பிறகுதான் எனக்கு அழுகை வந்தது. விஷயத்தைச் சொன்னதும் அம்மா புதரைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு மெதுவாக, "நீ போட்டுக்கினு இருந்தியே, அந்தப் பூனையாடி?" என்று கேட்டாள். கும்பலோடு ஏறிய மிச்சப் படிகளுக்கு அந்தத் தெலுங்கு அம்மாவின் குங்குமத்தையே அம்மாவும் வைத்தாள்; அவர் மலை உச்சி வரை என் கையை விடவில்லை. கூட்டத்தில் அவரைத் தவறவிட்டேன். பெயர்கூடக் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து ஷோரீலிலிருந்து சிறுத்தையை எடுத்துவிட்டேன். அதன் இடத்தில், ஒரு பெண் குனிந்து படியில் மஞ்சள் வைக்கிறாள், குங்குமத்துக்குப் போன கை பாதியில் நின்றுவிடுகிறது, அவ்வளவுதான். சென்னையில் குழந்தைப் பாட்டுகளுக்குக் கார்ட்டூன் செய்யும் ஒரு சின்ன ஸ்டுடியோ அதைப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டது. அவள் எதைப் பார்த்து நிற்கிறாள் என்றுதான் முதலில் கேட்டார்கள். இப்போது அங்கே கத்திரிக்காய்களை ஆட வைத்துக்கொண்டிருக்கிறேன்.

அம்மாவுக்கு அந்தப் படி இன்னும் உறுத்துகிறது. "ஒரு நாளைக்குப் போயி அதுக்கு மட்டும் குங்குமம் வெச்சுட்டு வந்துடலாம்டி" என்பாள். நான் ஏதாவது சாக்கு சொல்லித் தள்ளிப்போடுகிறேன். வேலை கிடைக்காதோ என்பதுதான் உலகத்திலேயே பெரிய பயம் என்று நினைத்துக்கொண்டிருந்தவள் நான். இப்போது லீவுக்கு நகரி போனால், விடியற்காலையில் அம்மா கோலம் போட வாசல் தெளிக்கும் சத்தம் கேட்டதும், தெருவில் ஒன்றும் இல்லை என்று நன்றாகத் தெரிந்தும், எழுந்து போய், குனிந்திருக்கும் அவள் முதுகுக்குப் பின்னால் நின்றுகொள்கிறேன்.